உலிஸ்ஸே அல்ட்ரோவாண்டி: சிலைகளையும் செடிகளையும் பாடமாக்கிய ஆசிரியர்

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஆசிரியப் பணியிலேயே ஆயுளைக் கழித்து, பழம்பொருள்களிலும் தோட்டத்திலும் ஒரே அளவு ஈடுபாட்டுடன் நெடுங்காலம் வாழ்ந்த ஒருவர் வரலாற்றில் உண்டா என்பது ஒன்று. அப்படி இருந்தால், அவருடைய வகுப்பறைக்கும் இந்த இரண்டு ஈடுபாடுகளுக்கும் தொடர்பு ஏதேனும் இருந்ததா, அல்லது அவை ஓய்வுநேரப் பொழுதுபோக்குகள் மட்டும்தானா என்பது மற்றொன்று. முதற்பகுதிக்கு எனக்கு உடனே தோன்றும் பெயர் இத்தாலியின் பொலோஞா நகரத்தைச் சேர்ந்த உலிஸ்ஸே அல்ட்ரோவாண்டி. 1522 செப்டம்பர் 11 அன்று பிறந்து 1605 மே 4 அன்று இறந்தவர்; எண்பத்திரண்டு ஆண்டு வாழ்வு அந்த நூற்றாண்டில் எளிதில் வாய்ப்பதன்று. இரண்டாம் பகுதிக்கான பதில் அவருடைய வாழ்க்கையை ஓரளவு விரிவாகச் சொன்னால்தான் விளங்கும். சுருக்கமாகச் சொல்வதானால், அவரிடம் பழம்பொருளும் செடியும் தனித்தனி ஆசைகளாக இல்லை. மாணவனின் கண்முன் வைத்துக் காட்ட முடியாத எதையும் அவர் பாடமாகக் கருதவில்லை. காட்டுவதற்காகவே சேர்த்தார், காட்டுவதற்காகவே வளர்த்தார்.

அவர் பிறந்த குடும்பம் செல்வாக்கு உடையது. தந்தை பொலோஞா ஆட்சிமன்றத்தின் செயலராகப் பணியாற்றிய பத்திர எழுத்தர். மகன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். தாய்வழி உறவு பிற்காலத்தில் பெரிதும் கைகொடுத்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில் வீட்டில் சொல்லாமல் உரோமுக்குக் கிளம்பிப் போனதும், பிறகு பிரேஷியாவில் ஒரு வணிகரிடம் கணக்கெழுதியதும், பதின்ம வயது முடிவதற்குள் ஸ்பெயினின் சாந்தியாகோ வரை திருப்பயணம் சென்று வந்ததும் அவருடைய இளமைக்காலச் செய்திகள். சட்டம் படித்தார், பிறகு மெய்யியலுக்கும் மருத்துவத்துக்கும் மாறினார். இருபத்தாறு வயது வரை அவரிடம் குறிப்பிட்ட ஓர் இலக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

1549 ஆம் ஆண்டு அவர் வாழ்க்கை திரும்பியது. கிறித்தவத்தின் மூவொரு இறைமைக் கோட்பாட்டை மறுக்கும் கருத்துடையவர்களோடு தொடர்புள்ளவர் என்ற குற்றச்சாட்டில் அவர் கைது செய்யப்பட்டார். பொலோஞாவில் அக்கருத்துகளைப் பொதுவில் கைவிடுவதாக அறிவித்த பிறகும், விசாரணைக்காக உரோமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர் காத்திருந்த மாதங்களில் திருத்தந்தை மூன்றாம் பவுல் இறந்து, மூன்றாம் ஜூலியஸ் பதவிக்கு வந்தார், வழக்கும் தீர்ந்தது. ஆனால் அந்தக் காத்திருப்புக் காலத்தை அவர் கழித்த விதம்தான் நமக்கு முக்கியம். உரோமின் செல்வர்கள், கர்தினால்கள் ஆகியோரின் வீடுகளுக்குச் சென்று, அங்கே இருந்த பழங்காலச் சிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

அந்தக் குறிப்புகள் 1556 இல் வெனிஸ் நகரில், உரோமின் தொல்பொருள்களைப் பற்றி லூச்சியோ மௌரோ எழுதிய நூலின் இணைப்பாக அச்சாகின. அன்றைய நிலையில் அது புதுமையான வேலை. சிலைகளைத் தெய்வம் வாரியாகவோ அழகு வாரியாகவோ அவர் அடுக்கவில்லை. எந்த வீடு, அந்த வீட்டில் முற்றமா, கூடமா, தோட்டமா, அங்கே என்னென்ன என்று இடம் வாரியாக எழுதினார். தலையில்லாதது, கையொடிந்தது, பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்டது என்று உள்ளது உள்ளபடியே பதிவு செய்தார். வத்திக்கானின் பெல்வெடேர் முற்றத்தில் நின்ற லாவோக்கோன் சிலைக்கூட்டமும் அப்போல்லோவும் அதில் உண்டு. வத்திக்கான் அருகே கர்தினால் சேசியின் தோட்டத்தில் செடிகளுக்கிடையே நிறுத்தப்பட்டிருந்த சிலைகளும் உண்டு. பின்னாளில் அந்தச் சேகரங்கள் விற்கப்பட்டும் பங்கு பிரிக்கப்பட்டும் ஐரோப்பா முழுவதும் சிதறின. இன்று ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கும் உரோமைச் சிலை 1550 வாக்கில் யார் வீட்டில் நின்றது என்று கண்டுபிடிக்க விரும்பும் ஆய்வாளர் முதலில் புரட்டுவது அந்தப் பட்டியலைத்தான். பழம்பொருள் சேகரிப்பில் பொருளை விட அது இருந்த இடத்தைப் பற்றிய குறிப்பே பல நேரங்களில் மதிப்புடையது என்பதை நம்மூரில் கோயில் சிலைகளின் பழைய ஒளிப்படங்களை வைத்து வழக்கு நடத்துபவர்கள் நன்கு அறிவார்கள்.

அதே உரோமில் பிரான்சிலிருந்து வந்திருந்த மருத்துவர் கீயோம் ரோந்தலேயுடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. ரோந்தலே அப்போது மீன்களைப் பற்றி ஒரு பெரிய நூலுக்காகச் செய்தி திரட்டிக்கொண்டிருந்தார். மீன் சந்தைக்குப் போய், விற்கப்படும் மீன்களைப் பார்த்து, அறுத்து, எழுதுவது அவருடைய முறை. இந்தப் பழக்கத்திலிருந்துதான் சிலைகளைப் பார்த்த அதே கண்ணால் உயிர்களையும் பார்க்கலாம் என்ற எண்ணம் அல்ட்ரோவாண்டிக்கு வந்தது. ஊர் திரும்பியதும் அவர் தேடிப் போன ஆசான் லூக்கா கீனி. கீனி பொலோஞாவில் மூலிகைப் பாடம் நடத்தி, பின்னர் பீசாவுக்குச் சென்று, 1540களில் அங்கே பல்கலைக்கழகத் தோட்டத்தை உருவாக்கியவர். அவர் நூல் எதுவும் அச்சிடவில்லை. ஆனால் அவருடைய மாணவர்கள் மூலம் ஐரோப்பா முழுவதும் பரவிய ஒரு பழக்கம் அவரிடமிருந்தே தொடங்கியதாகக் கருதப்படுகிறது: செடியை உலர்த்தித் தாளில் ஒட்டிவைப்பது.

இன்று எந்தக் கல்லூரித் தாவரவியல் மாணவரும் முதலாண்டில் செய்யும் வேலை அது. ஆகவே அதன் அருமை நமக்குத் தெரிவதில்லை. பூவும் இலையும் வேரும் தெரியுமாறு செடியைப் பரப்பி, ஈரத்தை உறிஞ்சும் தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனம் ஏற்றி, தாள்களை மாற்றி மாற்றி உலர்த்தி, பின் பசை தடவிக் கெட்டித் தாளில் ஒட்டி, பக்கத்தில் பெயரெழுதி, நூலாகக் கட்டினார்கள். தோட்டத்தில் கோடையில் பூப்பதைப் பனிக்காலத்தில் மாணவனுக்குக் காட்ட வேறு வழி இல்லை. படம் வரைந்தால் வரைபவன் கண்ணுக்குப் பட்டதுதான் வரும். உலர்ந்த செடி மாறாது. அல்ட்ரோவாண்டி சேர்த்தவை 15 தொகுதிகளாக இன்றும் பொலோஞா பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒரு தாளில் தக்காளிச் செடி ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. 16 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலிருந்து புதிதாக வந்து, உண்பதா வேண்டாமா என்று ஐரோப்பியர் தயங்கிக்கொண்டிருந்த காலத்தது. எஞ்சியுள்ள மிகப் பழைய தக்காளி மாதிரிகளுள் அதுவும் ஒன்று. நம் இரசத்துக்குள் அது வந்து சேர்வதற்கு இன்னும் நெடுங்காலம் இருந்தது.

மருத்துவத்திலும் மெய்யியலிலும் 1553 இல் பட்டம் பெற்ற அவர், விரைவிலேயே பொலோஞா பல்கலைக்கழகத்தில் தர்க்கம் கற்பிக்கத் தொடங்கினார். அது அவருக்குப் பிடித்த பாடமன்று. மெல்ல மெல்ல மூலிகைப் பாடத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். 1561 இல் மண்ணிலிருந்து எடுப்பவை, தாவரங்கள், விலங்குகள் ஆகிய மூன்றையும் பற்றிக் கற்பிக்கும் இயற்கை மெய்யியல் பதவி அவருக்கென்றே ஏற்படுத்தப்பட்டது. அதற்கு முன்பு பல்கலைக்கழகங்களில் மூலிகை என்பது மருத்துவத்தின் ஓர் உட்பிரிவு. கிரேக்க நூல் ஒன்றைப் படித்து விளக்கம் சொல்வதோடு அது முடிந்துவிடும். அல்ட்ரோவாண்டியின் வகுப்பில் நூல் இருந்தது, ஆனால் நூலில் சொல்லப்பட்ட பொருளும் மேசைமேல் இருந்தது. 1557 இல் சிபில்லீனி மலைத்தொடருக்கு மாணவர்களையும் நண்பர்களையும் அழைத்துச் சென்று செடி சேகரித்தார். ஒரு நிலப்பகுதியின் தாவரங்களை அறிவதற்கென்றே நடத்தப்பட்ட தொடக்ககாலப் பயணங்களுள் அது குறிப்பிடத்தக்கது. ஹாலந்திலிருந்து வந்து அவரிடம் பயின்ற ஃபோல்கெர் கொய்ட்டர் என்ற மாணவர், ஆசிரியரின் தூண்டுதலால் 1564 இல் ஒரு சோதனை செய்தார். அடைவைத்த கோழிமுட்டைகளில் நாளுக்கு ஒன்றாக உடைத்து, கரு எப்படி வளர்கிறது, இதயம் எப்போது துடிக்கத் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். அரிஸ்டாட்டிலே சொல்லியிருக்கும் செய்திதான். ஆனால் அரிஸ்டாட்டில் சொன்னதால் நம்பாமல், உடைத்துப் பார்த்து ஒப்பிட்டார்கள் என்பதுதான் புதிது.

இனித் தோட்டம். பீசாவிலும் பதுவையிலும் பல்கலைக்கழகத் தோட்டங்கள் ஏற்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பொலோஞாவில் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று பெருமை பேசும் ஊருக்கு இது குறை என்று ஆட்சிமன்றத்திடம் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு, 1568 இல் அனுமதி பெற்றார். இடம் எது தெரியுமா? நகர ஆட்சி நடக்கும் மாளிகையின் உள்முற்றம். அரசு அலுவலகத்தின் நடுவே பாத்தி கட்டி மூலிகை வளர்த்தார்கள். மருத்துவ மாணவர்களை அங்கே கூட்டிப்போய், இதுதான் நீ நூலில் படித்தது, இது அதைப் போலவே இருக்கும் வேறொன்று, மருந்துக்கடையில் உனக்கு இதைக் கொடுத்து ஏமாற்றுவார்கள் என்று நேரில் காட்டுவதே அந்தத் தோட்டத்தின் முதல் வேலை. அழகு அதில் இரண்டாம் பட்சம். இடம் போதாமல் 1587 இல் தோட்டம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது.

அந்த முற்றத்தில் இன்று நிற்பது சாலாபோர்சா என்ற பெரிய பொது நூலகம். அதன் தரையில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கீழே உரோமைக் காலத்துப் பொனோனியா நகரத்தின் சுவர் அடித்தளங்கள் தெரியும். அல்ட்ரோவாண்டி உரோமுக்குப் போய்ப் பழஞ்சிலைகளைப் பட்டியலிட்டார். அவர் மூலிகை நட்ட பாத்திக்கு அடியிலேயே ஒரு பழைய நகரம் புதைந்து கிடந்தது. அவருக்குத் தெரிந்திருந்தால் தோட்டத்தைத் தோண்டியிருப்பாரா, விட்டிருப்பாரா என்பது நானாகக் கேட்டுக்கொள்ளும் கேள்வி. தோண்டியிருப்பார் என்பதே என் ஊகம்.

தோட்டம் வைத்ததால் வந்த சண்டையையும் சொல்ல வேண்டும். ஏனெனில் அவருடைய குணம் அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவத்தின் உச்சம் தெரியாக்கா என்ற லேகியம். பத்துக் கணக்கான சரக்குகளை, அவற்றுள் விரியன் பாம்பின் இறைச்சியும் அபினும் அடக்கம், இடித்துக் குழைத்துச் செய்வது. நஞ்சுக்கும் கொள்ளைநோய்க்கும் அது மருந்து என்று நம்பினார்கள்; விலையும் அதிகம். அல்ட்ரோவாண்டி நகரின் மருந்துகளை மேற்பார்வையிடும் பொறுப்பிலும் இருந்தார். 1574 இல் பொலோஞா மருந்துக்கடைகள் பின்பற்ற வேண்டிய மருந்துநூல் ஒன்று அவருடைய முயற்சியில் வெளிவந்தது. மறு ஆண்டு செய்யப்பட்ட தெரியாக்காவில் சேர்த்த விரியன்கள் உரிய பருவத்தில் பிடிக்கப்பட்டவை அல்ல என்று அவர் தடை சொன்னார். மருந்துக்கடைக்காரர்கள் கொதித்தார்கள். அவர்கள் மட்டுமல்லாமல், அவருடன் இருந்திருக்க வேண்டிய மருத்துவர் குழுவும் அவருக்கு எதிராகத் திரும்பி, பொதுப் பொறுப்புகளிலிருந்து அவரை ஐந்தாண்டுகளுக்கு நீக்கியது.

இங்கேதான் தாய்வழி உறவு வந்தது. 1572 இல் திருத்தந்தையாகியிருந்த பதின்மூன்றாம் கிரகோரி பொலோஞாக்காரர், அல்ட்ரோவாண்டியின் தாய்க்கு உறவினர். நேராக உரோமுக்குப் போய் முறையிட்டு, 1577 இல் பதவிகளை மீட்டுக்கொண்டதோடு நூல்களை வெளியிடப் பொருளுதவிக்கும் வழி செய்துகொண்டு திரும்பினார். நியாயம் அவர் பக்கம் இருந்ததா என்றால், தெரியாக்கா எந்த நோயையும் தீர்க்கவில்லை என்பதை இன்று அறிந்த நமக்கு இரு தரப்பும் ஒன்றுதான். ஆனால் சரக்கு இன்னதுதான் என்று கண்ணால் கண்டு உறுதிசெய்யாமல் மருந்து செய்யக் கூடாது என்ற அவருடைய நிலைப்பாடு மருந்தை விடப் பயனுள்ளது. செல்வாக்குள்ள உறவினர் இல்லாத ஓர் ஆசிரியர் அதே நிலைப்பாட்டை எடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்பதையும் நாம் மறக்க வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் நடுவில் அவர் வீடு ஓர் அருங்காட்சியகமாக மாறிக்கொண்டிருந்தது. பதப்படுத்திய மீன்களும் பறவைகளும் ஊர்வனவும் கூரையிலும் சுவர்களிலும் தொங்கின. விதைகள், பிசின்கள், சங்குகள், கற்கள், பழங்காசுகள் ஆயிரக்கணக்கான சிறு அறைகள் கொண்ட பேழைகளில் பெயரெழுதி வைக்கப்பட்டன. முதுமையில் தம் சேகரத்தைப் பற்றிச் சொல்லும்போது பதினெட்டாயிரம் பொருள்கள் என்று குறிப்பிடுகிறார். வந்து பார்ப்பவர்கள் பெயரெழுத ஒரு பதிவேடும் இருந்தது. அவர்களில் கர்தினால்களும் உண்டு, ஊர் ஊராகப் போகும் மாணவர்களும் உண்டு. கைக்கு எட்டாத பொருளுக்குப் படம். ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்து, செடியும் விலங்குமாக ஆயிரக்கணக்கான வண்ணப்படங்கள் தீட்டுவித்தார். அவற்றிலிருந்து அச்சுக்காக மரக்கட்டைகளில் செதுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். புளோரன்சின் பெருங்கோமகன் முதலாம் பிரான்செஸ்கோ தே மெதிச்சியுடன் விதை, செடி, படம் ஆகியவற்றைப் பரிமாறிக்கொண்டார். 1577 இல் அங்கே போய் கோமகனின் தோட்டங்களையும், யாக்கோபோ லிகோத்சி வரைந்துகொண்டிருந்த தாவர ஓவியங்களையும் நேரில் பார்த்து வியந்தார். தம் சம்பளத்தையும் சொத்தையும் மனைவி கொண்டுவந்ததையும் இதிலேயே கரைத்தார் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த மனைவியைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் போனால் கணக்கு நேர்படாது. முதல் மனைவி பவோலா மாக்கியவெல்லி 1565 இல், மணமாகி இரண்டே ஆண்டுகளில் இறந்தார். பிறகு மணந்த பிரான்செஸ்கா பொன்தானா கணவரின் கையெழுத்துப் படிகளை ஒழுங்குபடுத்துவதில் நெடுங்காலம் துணைநின்றார். கணவர் இறந்த மறு ஆண்டு, 1606 இல், குருதியற்ற உயிர்கள் என்று அன்று வகைப்படுத்தப்பட்ட நத்தை, நண்டு முதலியவற்றைப் பற்றிய தொகுதியை வெளிக்கொணர்ந்தவர் அவரே. நகருக்கு வெளியே சாவெனா ஆற்றங்கரைப் பக்கத்தில் அவர்களுக்கிருந்த தோட்ட வீடு கோடைகால வசிப்பிடம். மணவுறவுக்கு வெளியே பிறந்து, அல்ட்ரோவாண்டி தம் வாரிசாக வளர்க்க எண்ணியிருந்த மகன் அக்கீல்லே 1577 இல் இறந்துபோனான். பொருள்களை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி அதன் பிறகு அவரை விடவே இல்லை.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு நேரடியான சான்று அவருடைய நூல்களிலேயே இருக்கிறது. பறவைகளைப் பற்றிய மூன்று தொகுதிகள் 1599, 1600, 1603 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. முதல் தொகுதி அச்சானபோது அவருக்கு வயது எழுபத்தேழு. இரண்டாம் தொகுதியில் கோழியைப் பற்றிய பகுதி தனி நூலளவுக்கு நீள்கிறது. கோழியின் உடலமைப்பு, இனங்கள், முட்டைக்குள் கரு வளரும் விதம் எல்லாம் சொல்லிவிட்டு, சேவல் பொறித்த பழங்காசுகள், சேவலைப் பற்றிய பழமொழிகள், கனவில் சேவல் வந்தால் என்ன பலன் என்று முன்னோர் சொன்னது, எந்தத் தெய்வத்துக்குச் சேவல் உரியது, சமைப்பது எப்படி, மருந்தாவது எப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். பிரான்சின் இயற்கையியலாளர் புஃபோன் 18 ஆம் நூற்றாண்டில் இதை எள்ளிநகையாடினார். பொருளுக்குத் தொடர்பில்லாதவற்றை நீக்கினால் அல்ட்ரோவாண்டியின் நூல்கள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் என்றார். அதே புஃபோன் அவரை மிகவும் உழைத்த, மிகவும் கற்ற இயற்கையியலாளர் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தப் பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு.

புஃபோனின் குறை விலங்கியலாளரின் பார்வையில் சரி. ஆசிரியரின் பார்வையில் சரியன்று என்பது என் கருத்து. அல்ட்ரோவாண்டிக்குச் சேவல் என்பது முற்றத்தில் கூவுவது மட்டுமன்று. காசில் பொறிக்கப்பட்டதும், சிலையாகச் செதுக்கப்பட்டதும், பழைய நூலில் சொல்லப்பட்டதும் சேர்ந்ததே சேவல். உரோமில் சிலைகளைப் பட்டியலிட்ட இளைஞரும், முட்டையை உடைத்துப் பார்த்த பேராசிரியரும் எழுபத்தேழு வயதில் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். படித்ததையெல்லாம் துண்டுத் தாள்களில் எழுதி, அகர வரிசையில் ஒட்டி, அவர் சேர்த்த குறிப்புத் தொகுப்பு மட்டும் 83 தொகுதிகள். எந்தச் சொல்லைக் கேட்டாலும் பழையவர்கள் சொன்னதும் தாம் பார்த்ததும் ஒருசேரக் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டது அது. வடிகட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை என்பது உண்மையே. வடிகட்டும் வேலையை வாசிப்பவரிடம் விட்டுவிட்டார்.

அந்த நாட்டமின்மைக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் பறவைநாகம், அதாவது ஐரோப்பியக் கதைகளில் வரும் டிராகன். 1572 மே 13 அன்று பொலோஞாவுக்கு வெளியே ஓர் உழவர், வழியில் கிடந்த விந்தையான பாம்பொன்றைக் கோலால் அடித்தார். அதற்கு இரண்டு கால்கள் இருந்தனவாம். அதே நாள்தான் பதின்மூன்றாம் கிரகோரி திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், அவருடைய குடும்பச் சின்னமோ பறவைநாகம். ஊர் முழுவதும் இது நற்சகுனமா கெட்ட சகுனமா என்று பேசியது. உடல் அல்ட்ரோவாண்டியிடம் வந்து சேர்ந்தது. அவர் சகுனம் பேசவில்லை. அளந்தார், படம் தீட்டச் செய்தார், பதப்படுத்தித் தம் கூடத்தில் வைத்தார், பாம்புகளைப் பற்றிய பெரிய ஆய்வை எழுதத் தொடங்கினார். அது 1640 இல்தான் அச்சானது. கைவரிசை காட்டி யாரோ ஒட்டவைத்த கால்களாக இருக்கலாம் என்பதே இன்றைய வாசகருக்கு முதலில் தோன்றும். அவர் ஏமாந்தார் என்றே வைத்துக்கொண்டாலும், திருத்தந்தையின் உறவினர் ஒருவர் அந்த நாளில் சோதிடம் சொல்லிப் பரிசு வாங்காமல் அளவுகோலை எடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்கப் பொருள்கள் மீது அவருக்கிருந்த பித்து தனிக் கதை. ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் 1570 இல் தம் மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாந்தெஸை மெக்சிகோவுக்கு அனுப்பியதைப் போலத் தம்மையும் யாராவது அனுப்ப மாட்டார்களா என்று ஏங்கினார். ஓவியர்களையும் எழுத்தர்களையும் அழைத்துக்கொண்டு போய் அங்குள்ள செடிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதினார். யாரும் அனுப்பவில்லை. ஆகவே அங்கிருந்து வந்தவற்றைத் தேடிச் சேர்த்தார். சிறுசிறு கல்துண்டுகளை ஒட்டிச் செய்த மெக்சிகோ முகமூடி, கல்லாலான கத்தி ஆகியவற்றின் படங்கள் 1648 இல் வெளிவந்த அவருடைய கனிமவியல் தொகுதியில் இருக்கின்றன. கவனியுங்கள்: முகமூடி கனிம நூலில் வருகிறது. அது எந்தக் கல்லால் ஆனது என்பதே அவருக்கு முதற்கேள்வி. இன்று நாம் தொல்லியல் என்றும் மானிடவியல் என்றும் நிலவியல் என்றும் வெவ்வேறு அலமாரிகளில் வைப்பவை அவருடைய ஒரே இழுப்பறையில் இருந்தன.

இறுதியாகச் சேகரம் என்ன ஆயிற்று என்பது. ஒருவர் ஆயுள் முழுவதும் சேர்த்ததை அவர் மறைவுக்குப் பின் வாரிசுகள் எடைக்குப் போடுவது எல்லா நாட்டிலும் நடப்பது. அல்ட்ரோவாண்டி 1603 இல் எழுதிய விருப்ப ஆவணத்தில் எல்லாவற்றையும் பொலோஞா ஆட்சிமன்றத்துக்கே கொடுத்தார், ஆனால் வெறுமனே கொடுக்கவில்லை. பொருள்கள் பிரிக்கப்படாமல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். அச்சாகாத நூல்களை அச்சிட வேண்டும். அதற்குத் தகுதியான ஒருவரைப் பொறுப்பாளராக அமர்த்த வேண்டும் என்று கடமைகளைச் சேர்த்தே கொடுத்தார். அவர் உயிரோடிருந்தபோது இயற்கை வரலாற்றில் அச்சானவை நான்கு தொகுதிகள்: பறவைகள் மூன்று, 1602 இல் வெளிவந்த பூச்சிகள் ஒன்று. பின்னர் அவருடைய மாணவர் உட்டெர்வேரியுஸ், அவருக்குப் பின் அம்புரோசீனி, மொந்தல்பானி என்று பொறுப்பாளர்கள் மாறி மாறி, 1668 இல் மரங்களைப் பற்றிய தொகுதியோடு மொத்தம் 13 ஆக்கினார்கள். ஆசிரியர் இறந்து அறுபத்து மூன்று ஆண்டுகள் கழித்தும் ஒரு நகராட்சி அவர் நூலை அச்சிட்டுக்கொண்டிருந்தது. அவர் கண்ணிழந்து ஏழையாக ஒரு தரும மருத்துவமனையில் இறந்தார் என்று சில பழைய கலைக்களஞ்சியங்களில் காணப்படும் கதையை நம்ப வேண்டாம். இவ்வளவு ஏற்பாடுகளைச் செய்துவைத்தவருடைய முடிவு அப்படி இருக்கவில்லை. உடல் பொலோஞாவின் சாந்தோ ஸ்தெபானோ தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

சேகரம் 1617 இல் நகர மாளிகைக்கு, அதாவது அவர் முதலில் தோட்டம் போட்ட அதே கட்டடத்துக்கு, மாற்றப்பட்டது. 18 ஆம் நூற்றாண்டில் அறிவியல் கழகத்துக்குப் போனது. நெப்போலியனின் படை வந்தபோது உலர்செடித் தொகுதிகளும் கையெழுத்துப் படிகளும் பாரிசுக்குக் கொண்டுபோகப்பட்டு, அவர் வீழ்ந்தபின் திரும்பிவந்தன. பதப்படுத்திய விலங்குகள் பல கெட்டுப்போயின, பறவைநாகம் உட்பட. எஞ்சியவற்றைப் பொலோஞாவில் சம்போனி தெருவில் உள்ள பொஜ்ஜி மாளிகை அருங்காட்சியகத்தில் காணலாம். நேரில் போக முடியாதவர்களுக்கு, பல்கலைக்கழக நூலகம் அவருடைய வண்ணப்படங்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. முதலில் செடிகளின் படங்களைத் திறந்து பாருங்கள் என்பேன்; விலங்குகளில் கேட்டறிந்து வரைந்தவை கலந்திருக்கும், செடிகளில் பெரும்பாலானவை ஓவியர் எதிரே வைத்துக்கொண்டு வரைந்தவை. வேரோடு பிடுங்கி வரைந்திருப்பார்கள், மண் ஒட்டிய வேர்நுனி வரை தெரியும்.